அஞ்சு பேர் ஃப்ளாப் பாக்கும்போது பெட்டா செக்கா

போக்கர்ல ஆஸ்-ராஜா கைக்கு வந்தாலே எனக்கு 65 டாலர் தான் ஞாபகத்துக்கு வரும். ரெண்டு வருஷம் முன்னாடி, இங்க கலிஃபோர்னியால வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கார்டு ரூம், 1-3 நோ லிமிட் ஹோல்டெம் டேபிள், 300 டாலருக்கு சிப்ஸ் வாங்கிட்டு போய் உக்காந்தேன். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஹோல்டெம்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு கைல, அஞ்சு சீட்டு பொதுவா டேபிள்ல, அதுல முதல் மூணு ஃப்ளாப், நாலாவது டர்ன், அஞ்சாவது ரிவர். 1-3ங்கிறது ரெண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமா வைக்கிற காசு, ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3. காசு வச்சா பெட், வைக்காம விட்டா செக், அதே காசைக் கட்டினா கால், ஏத்தினா ரெய்ஸ். அதுக்கு முன்னாடி நான் ஆடினது எல்லாம் ஃபோன்ல சும்மா பாயின்ட்டுக்கு, அதுவும் பெரும்பாலும் ஹெட்ஸ்-அப், எதிர்ல ஒரே ஒரு ஆள், நான் ரெய்ஸ் பண்ணுவேன் அவன் கால் பண்ணுவான், ஃப்ளாப் எது வந்தாலும் நான் ஒரு பெட் போடுவேன், பாதிக்கு மேல அவன் மடிச்சுட்டு போயிடுவான், நானும் என்னமோ பெரிய ஆட்டக்காரன்னு நெனச்சுட்டு திரிஞ்சேன்.

உக்காந்து அரை மணி நேரம் கூட ஆகல, ஆஸ் ஸ்பேடு, ராஜா டைமன். ரெண்டு பேர் 3 டாலர் மட்டும் போட்டு லிம்ப் பண்ணிட்டாங்க, நான் பட்டனுக்கு (ஃப்ளாப்ல இருந்து கடைசியா பேசற இடம்) முந்தின சீட், 15 ஆக்கினேன். பட்டன் கால். பிக் பிளைண்ட் கால். லிம்ப் பண்ண ரெண்டு பேரும் 15 தானேங்கிற மாதிரி சிப்பைத் தள்ளிட்டாங்க. அஞ்சு பேர், நடுவுல சேர்ந்த காசு, அதான் பாட், 76 டாலர். ஃப்ளாப் ஆட்டின் ராணி, ஆட்டின் ஒம்பது, கிளாவர் எட்டு. இங்க யாரும் ஆட்டின் கிளாவர்னு சொன்னா முழிப்பாங்க, ஆனா நான் சீட்டு கத்துக்கிட்டது மாமா வீட்டு மொட்டை மாடில, எனக்கு கடைசி வரைக்கும் அது ஆட்டின் தான்.

எனக்கு முன்னாடி மூணு பேரும் செக். என் கையில ஒண்ணுமே இல்ல, ஒரு ஜோடி கூட இல்ல. ஆனா பழக்கதோஷம், நான் தானே ரெய்ஸ் பண்ணேன், நான் தானே பெட் போடணும், 50 டாலர் எடுத்து வச்சேன். பட்டன்ல இருந்த பையன் யோசிக்கவே இல்ல, கால். பிக் பிளைண்ட்ல தொப்பி போட்ட ஒரு பெரியவர், அது வரைக்கும் கிண்ணத்துல இருந்த நூடுல்ஸை சாப்பிட்டுட்டு இருந்தவர், ஸ்பூனை கீழ வச்சுட்டு 150 டாலரைத் தள்ளினார். ஸ்பூனைக் கீழ வச்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மடிச்சேன். கடைசில காட்டினப்போ அவர்கிட்ட ஜாக்கி-பத்து, ஃப்ளாப்லயே ஸ்ட்ரெயிட், வரிசையா அஞ்சு சீட்டு. பையன்கிட்ட ரெண்டு ஆட்டின், இன்னொரு ஆட்டின் வந்தா ஃப்ளஷ், ஒரே பூவுல அஞ்சு சீட்டு. நான் மட்டும் தான் அங்க வெறுங்கையோட முழம் போட்டுட்டு இருந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன். 76 டாலர் பாட்டுக்கு 50 பெட். நான் 50-ஐ வச்சு 76-ஐப் பிடிக்கப் பாக்கறேன், அப்போ 126-ல 50, சுமாரா 100-க்கு 40 தடவை எல்லாரும் மடிச்சா எனக்கு கைக்கும் வாய்க்கும் சரியா போயிடும். எதிர்ல ஒரே ஆள்னா அந்த 40 ஒரு விஷயமே இல்ல, அவனுக்கே பாதி நேரம் ஒண்ணும் கிடைச்சிருக்காது. ஆனா நாலு பேர்னா நாலு பேரும் ஒண்ணா மடிக்கணும். அப்போ ஒவ்வொருத்தரும் தனித்தனியா எவ்வளவு மடிக்கணும்னு பாத்தா 100-க்கு 80 தடவை, 0.8-ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க, 0.41 வரும். அந்த பிக் பிளைண்ட் பெரியவரும், 15 தானேன்னு வந்த லிம்ப்பரும், ராணி-ஒம்பது-எட்டு மாதிரி ஸ்ட்ரெயிட்டுக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் வழி கொட்டிக் கிடக்கிற போர்டுல, ஆளுக்கு 80 சதவீதம் மடிப்பாங்களாம். யாருகிட்ட கதை விடறேன்.

இன்னொரு பக்கத்துல இருந்தும் பாக்கலாம். ஜோடி இல்லாத ரெண்டு சீட்டு வச்சிருக்கவனுக்கு ஃப்ளாப்ல ஒரு ஜோடியாவது சேர்ற வாய்ப்பு சுமாரா மூணுல ஒண்ணு. சேராம போறது மூணுல ரெண்டு. நாலு பேருக்கும் சேராம போறதுன்னா மூணுல ரெண்டை நாலு தடவை பெருக்கணும், அது 20 சதவீதம் கிட்ட வரும். அதாவது அஞ்சுல நாலு தடவை, எதிர்ல இருக்கிற நாலு பேர்ல யாரோ ஒருத்தன்கிட்ட ஒரு ஜோடியாவது இருக்கு, இதுல டிராவும் (இன்னும் ஒரு சீட்டு வந்தா ஸ்ட்ரெயிட்டோ ஃப்ளஷ்ஷோ ஆகற கை) கைல வரும்போதே ஜோடியா வர்றதும் சேர்க்கவே இல்ல. எங்க வீட்டு ஆட்டத்துல ஒரு அண்ணன் இருக்காரு, மதுரைக்காரர், சனிக்கிழமை அவர் வீட்டு கராஜ்ல தான் நாங்க ஆடுவோம், ஐம்பது சென்ட் ஒரு டாலர் பிளைண்ட், அவர் இந்தக் கணக்கெல்லாம் போடாமலே ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கார், "தம்பி, நாலு பேரு இருக்கோம்ல, ஒருத்தன்கிட்டயாச்சும் இருக்காதா"ன்னு. சொல்லிட்டு அவரே கடைசி ஜோடிய வச்சுட்டு கால் பண்ணுவார், அது வேற.

இந்த அஞ்சுல நாலுங்கிறது ரெண்டு பக்கமும் வெட்டும், அதை நான் புரிஞ்சுக்க ரொம்ப நாள் ஆச்சு. பிளஃப் பண்றவனுக்கு அது சாவு மணி, நிஜமாவே கை வச்சிருக்கவனுக்கு அதுவே சாப்பாடு. நம்மகிட்ட செட் (ஒரே சீட்டு மூணு) இருக்கு, ரெண்டு ஜோடி இருக்குன்னா, ஐயோ பெட் போட்டா எல்லாரும் ஓடிடுவாங்களேன்னு பயந்து செக் பண்றோம் பாருங்க, ஒரே ஆள் எதிர்ல இருக்கும்போது அந்த பயத்துல ஒரு நியாயம் இருக்கு, நாலு பேர் இருக்கும்போது யாராவது ஒருத்தன் கண்டிப்பா கால் பண்ணுவான், சும்மா போட்டுத் தாக்க வேண்டியது தான். ரம்மில இந்தப் பிரச்சனையே இல்ல, ஆறு பேர் ஆடினாலும் ரெண்டு பேர் ஆடினாலும் கை மோசம்னா ஸ்கூட், 20 பாயின்ட், முடிஞ்சுது. இங்க அதே கை, அதே போர்டு, ஆனா எத்தனை பேர் இருக்காங்கன்னு பொறுத்து ஒரே சீட்டு தங்கமாவும் இருக்கும் தகரமாவும் இருக்கும்.

ஜோடி ஆஸ் கூட அப்படித்தான். ஃப்ளாப்புக்கு முன்னாடியே எல்லா காசும் உள்ள போயிடுச்சுன்னு வச்சுக்கங்க, ஏதோ ஒரு கைக்கு எதிரா ஜோடி ஆஸ் 85 சதவீதம் ஜெயிக்கும், ரெண்டு பேருன்னா 73, மூணு பேருன்னா 64, நாலு பேருன்னா 56, அஞ்சு பேர் வந்துட்டா 49, பாதிக்கும் கீழ. இதைப் பாத்துட்டு ஜோடி ஆஸ் நிறைய பேரோட ஆடினா நஷ்டம்னு சில பேர் சொல்றாங்க, அது தப்பு, ஏன்னா ஆளுக்கு ஒரு டாலர்னா ஒருத்தனோட ஆடும்போது 2 டாலர்ல 85 சதவீதம், 1.70, நாலு பேரோட ஆடும்போது 5 டாலர்ல 56 சதவீதம், 2.80. காசு ஜாஸ்தி தான் வருது. ஆனா அது சீட்டு எல்லாம் திறந்து ஓடற கணக்கு. நிஜத்துல ஃப்ளாப்புக்கு அப்புறம் ஒவ்வொரு தெருவுலயும், அதாவது ஒவ்வொரு சுத்துலயும், காசு கட்டித்தான் தாண்டணும், ஜாக்கி-பத்து-ஒம்பது வந்து முன்னாடி ஒருத்தன் பெட், ஒருத்தன் ரெய்ஸ்னா அந்த 56-ஐ வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஆஸை முத்தம் கொடுத்து கீழ வச்சுடணும்.

சரி, இப்ப நான் பண்ண அடுத்த தப்பு. ஆஸ்-ராஜா சம்பவத்துக்கு அப்புறம் எங்க பாத்தாலும், யாரைக் கேட்டாலும் ஒரே வசனம், மல்டிவேன்னா (மூணு பேரோ அதுக்கு மேலயோ உள்ள இருந்தா) செக் பண்ணு, மல்டிவேன்னா செக் பண்ணு. நானும் ஒரு மாசம் கோயில் மணி மாதிரி செக் செக்னு அடிச்சுட்டு இருந்தேன். அதே கார்டு ரூம், அதே தொப்பிப் பெரியவர், இந்த தடவை நான் பட்டன்ல, ராஜா-ராணி, வேற வேற பூ. முன்னாடி மூணு பேர் லிம்ப், நானும் சும்மா 3 டாலர், ஸ்மால் பிளைண்ட் மடிப்பு, பிக் பிளைண்ட்ல பெரியவர் செக். அஞ்சு பேர், 16 டாலர். ராஜா-ராணிய பட்டன்ல லிம்ப் பண்ணதே தப்பு, 20 டாலர் ஆக்கிட்டு கூட்டத்தை அங்கயே குறைச்சிருக்கணும், அது தனிக் கதை. ஃப்ளாப் ஆட்டின் ராஜா, ஆட்டின் எட்டு, ஸ்பேடு அஞ்சு. என்கிட்ட பெரிய ஜோடி, நல்ல கிக்கர், அதாவது ஜோடிக்குத் துணையா இருக்கிற சீட்டு. நாலு பேரும் செக் பண்ணிட்டு என் மூஞ்சியப் பாக்கறாங்க. நான் மல்டிவே பாடம் படிச்ச நல்ல மாணவன் இல்லையா, செக்.

டர்ன் கிளாவர் ஏழு. பெரியவர் 12 டாலர் பெட். எல்லாரும் மடிச்சுட்டாங்க, நான் கால். ரிவர் ஒண்ணுமில்லாத ரெண்டு. அவர் 35. நான் கால். ஒம்பது-ஆறு. அஞ்சு ஆறு ஏழு எட்டு ஒம்பது. ஃப்ளாப்ல அவர்கிட்ட இருந்தது நடுவுல ஒரே ஒரு ஏழு வந்தா தான் ஸ்ட்ரெயிட், மொத்தம் நாலு சீட்டு, டர்ன்ல வர்ற வாய்ப்பு 100-க்கு 8, 9 தடவை. நான் ஃப்ளாப்ல 12 டாலர் வச்சிருந்தா அந்த மனுஷன் அதை அப்பவே தூக்கிப் போட்டுட்டு நூடுல்ஸ் பக்கம் திரும்பியிருப்பார். நான் ஓசில சீட்டு காட்டினேன், அவர் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறார்.

ரெண்டு ஹேண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்போ தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. ரெண்டுலயும் அஞ்சு பேர், ரெண்டுலயும் எனக்கு முன்னாடி செக் செக் செக். ஆனா அந்த செக்கும் இந்த செக்கும் ஒண்ணு இல்ல. முதல் ஹேண்டுல நான் முன்னாடி ரெய்ஸ் பண்ணியிருந்தேன், ரெய்ஸ் பண்ணவன் பெட் போடுவான்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நல்ல கை வச்சிருக்கவனும் செக், மோசமான கை வச்சிருக்கவனும் செக், அது ஒரு மரியாதைக்கு பண்ற செக், அதுல எந்த தகவலும் இல்ல. ரெண்டாவது ஹேண்டுல யாரும் ரெய்ஸ் பண்ணல, நீங்க பெட் போடுங்கன்னு யாருக்காகவும் யாரும் காத்துட்டு இல்ல, அந்த இடத்துல நாலு பேர் வரிசையா செக் பண்றாங்கன்னா நிஜமாவே பெருசா ஒண்ணும் இல்லன்னு தான் பெரும்பாலும் அர்த்தம். அது போக பட்டன்ல நான் தான் கடைசி, செக் பண்ணாம எனக்குப் பின்னாடி காத்துட்டு இருக்கறவன்னு ஒருத்தனும் கிடையாது. அங்க போட்டிருக்கக் கூடாத பெட்டைப் போட்டேன், இங்க போட வேண்டிய பெட்டைப் போடல. மல்டிவேன்னா செக்குங்கிறது பாதி தான் உண்மை, யார் செக் பண்ணாங்க ஏன் பண்ணாங்க இன்னும் யார் பேசணும்ங்கிறதையும் சேர்த்து எண்ணணும்.

இதுக்கு அப்புறம் தான் நான் சீட்டைப் பாக்கறதை விட, ரெய்ஸ் பண்ணவன் எந்த சீட்ல உக்காந்திருக்கான்னு பாக்க ஆரம்பிச்சேன். அண்ணன் வீட்டு கராஜ்ல நடந்ததையே சொல்றேன். நான் பிக் பிளைண்ட், எனக்கு இடது பக்கம் அடுத்த சீட்ல இருக்கிறவன் 4 டாலர் ரெய்ஸ், அவனுக்கு அப்புறம் மூணு பேர் கால், நான் ஜோடி அஞ்சு வச்சு கால். ஜோடி கையில இருக்கும்போது ஃப்ளாப்ல மூணாவது சீட்டு விழறது எட்டரை தடவைக்கு ஒரு தடவை தான், விழலேன்னா அடுத்த பெட்டுக்கு மடிச்சுட்டு போயிட்டே இருக்கலாம். அன்னைக்கு விழுந்துது, ஆஸ், ஜாக்கி, அஞ்சு, மூணும் வேற வேற பூ. இங்க நான் தான் முதல்ல பேசணும். முதல்ல பேசறது போக்கர்ல மோசமான இடம்னு சொல்லுவாங்க, ஆனா இந்த இடத்துல அப்படி இல்ல, ஏன்னா நான் செக் பண்ணா அடுத்து ரெய்ஸ் பண்ணவன் தான், போர்டுல ஆஸ் இருக்கு, அவன் பெட் போடாம இருக்க மாட்டான், அவன் போட்ட உடனே மத்த மூணு பேரும் பதில் சொல்லிட்டு தான் சுத்தி என்கிட்ட வரும். முதல்ல பேசறேன், ஆனா கடைசில முடிவு பண்றேன். அவன் 12 டாலர், ஒருத்தன் கால், ரெண்டு பேர் மடிப்பு, நான் 40. ரெண்டு பேரும் கால் பண்ணாங்க. அன்னைக்கு ராத்திரி பிரியாணி என் செலவு.

அதே ஜோடி அஞ்சு, அதே சீட், ஆனா ஃப்ளாப் எட்டு, ஆறு, அஞ்சுன்னு விழுந்திருந்தா நான் செக் பண்ணவே மாட்டேன். ஆஸ்-ராஜா, ஆஸ்-ராணி வச்சு ரெய்ஸ் பண்ணவன் அந்த போர்டைப் பாத்து நாலு பேருக்கு எதிரா ஏன் பெட் போடப் போறான், அவனும் எங்கயாவது 65 டாலர் கட்டிட்டு வந்தவனா தான் இருப்பான். அவன் செக் பண்ணா வரிசையா எல்லாரும் செக், ஏழும் ஒம்பதும் நாலும் தேடறவங்களுக்கு எல்லாம் ஓசி தரிசனம். அங்க நானே முதல்ல பெட் போட்டுடணும். ரெய்ஸ் பண்ணவனை முந்திக்கிட்டு போடற இந்த பெட்டுக்கு டாங்க் பெட்னு பேரு, டாங்கின்னா கழுதை, புரியாதவன் தான் இப்படி போடுவான்னு கேலியா வச்ச பேரு.

கேலி பண்ணவங்களுக்கு பதில் ஒரு மெஷின் கிட்ட இருந்து வந்துது. 2017-ல லிப்ராட்டஸ்னு ஒரு ப்ரோக்ராம் ஹெட்ஸ்-அப்ல நாலு ப்ரொஃபஷனல்களை அடிச்சுது, ஆனா அது ஒண்டிக்கு ஒண்டி. நிறைய பேர் ஆடற ஆட்டம் கணக்குலயே வேற ஜாதி, ரெண்டு பேர் ஆட்டத்துல சமநிலை ஆட்டம்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டா அதை ஆடறவன் நீண்ட நாள்ல தோக்க மாட்டான்னு நிரூபிக்கலாம், மூணாவது ஆள் வந்து உக்காந்த உடனே அந்த உத்தரவாதம் போயிடுது. அதனால 2019-ல, லிப்ராட்டஸைப் பண்ண அதே கார்னகி மெலன் யுனிவர்சிட்டில இருந்து நோம் பிரவுன், தூமாஸ் சாண்ட்ஹோம் ரெண்டு பேரும் ப்ளூரிபஸ்னு ஆறு பேர் டேபிள்ல ஜெயிக்கிற ஒண்ணைக் கொண்டு வந்தப்போ அது பெரிய நியூஸ், அடிப்படை ஆட்டத்தை அது தனக்குத் தானே ஆடிக் கத்துக்க எட்டு நாள் தான் ஆச்சாம், வாடகைக்கு கம்ப்யூட்டர் எடுத்தா செலவு 150 டாலருக்குள்ள தானாம், நான் கார்டு ரூம்ல கட்டின ஃபீஸ் அதை விட ஜாஸ்தி. எனக்குப் பிடிச்சது என்னன்னா, அது சும்மா லிம்ப் பண்றது வேஸ்ட்னு மனுஷங்க சொன்னதை சரின்னு சொல்லிடுச்சு, ஆனா டாங்க் பெட் விஷயத்துல ஒத்துக்கல, ப்ரொஃபஷனல்கள் போடறதை விட ரொம்ப ஜாஸ்தியா அந்த கழுதை பெட்டைப் போட்டுச்சு.

டிரா பத்தியும் ஒரு வார்த்தை. ஆஸ் ஆட்டினோட ஃப்ளஷ் டிரா இருக்கு, மூணு பேர் கால் பண்ணுவாங்கன்னு தெரியும், யாரும் மடிக்க மாட்டாங்க, அப்பவும் நான் பெட் போடுவேன். ரிவர் வரைக்கும் போனா எனக்கு ஃப்ளஷ் வர்றது 35 சதவீதம், உள்ள போற காசுல என்னோடது நாலுல ஒரு பங்கு, 25. இருபத்தஞ்சு பைசா போட்டு முப்பத்தஞ்சு பைசா எடுக்கிற வியாபாரத்தை யார் விடுவா. ஆனா இதே கணக்கை ஏழு-ஆறு ஆட்டினுக்குப் போட்டுடாதீங்க. அஞ்சு பேர் இருக்கிற இடத்துல இன்னொருத்தன்கிட்டயும் ரெண்டு ஆட்டின் இருக்கறது சகஜம், அப்படி இருந்தா வர வேண்டிய சீட்டும் ரெண்டு குறைஞ்சுடுது, வந்தாலும் நம்மள விடப் பெரிய ஃப்ளஷ், நாமளே காசு கொடுத்து நம்மள அடிக்க ஆள் வச்ச மாதிரி. சின்ன ஃப்ளஷ் டிரான்னா கூட்டத்துல செக், யாராவது கம்மியா கேட்டா கால், அவ்ளோ தான்.

இப்ப சொல்லப் போறது தான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த விஷயம். மோர்ட்டன் தியரம்னு பேரு, ஆண்டி மோர்ட்டன்னு ஒருத்தர் சொன்னது. எதிராளி தப்பு பண்ணா நமக்கு லாபம்னு தானே நாம நெனைக்கிறோம். ரெண்டு பேர் ஆடும்போது அது சரி. மூணு பேர்னா எப்பவும் சரி இல்ல.

ஒரு லிமிட் ஆட்டம் எடுத்துக்கலாம், பெட் 10 டாலர்னு ஃபிக்ஸ். டர்ன் வந்தாச்சு, பாட்ல 60 டாலர், என்கிட்ட பெரிய ஜோடி, நான் தான் இப்போதைக்கு முன்னாடி. ஒருத்தன்கிட்ட ஃப்ளஷ் டிரா, அவனை ஜெயிக்க வைக்கிற சீட்டு 9. இன்னொருத்தன்கிட்ட நடு ஜோடி, அவனுக்கு உதவற சீட்டு 4. மூணு கை, போர்டு எல்லாம் கழிச்சா மிச்சம் இருக்கிறது 42 சீட்டு. நான் 10 பெட், ஃப்ளஷ்காரன் கால், பாட் 80. இப்ப நடு ஜோடிக்காரன் 10 போடணுமா வேண்டாமா. 42-ல 4 தடவை 80 ஜெயிப்பான், 38 தடவை 10 போகும், கூட்டிக் கழிச்சா சராசரியா 1.43 டாலர் நஷ்டம், மடிக்கிறது தான் சரி. ஆனா அவன் ஆசைப்பட்டு கால் பண்ணிட்டான்னு வச்சுக்கங்க. எனக்கு லாபமா? அவன் மடிச்சிருந்தா நான் 42-ல 33 தடவை 80 எடுப்பேன், சராசரி 62.86. அவன் வந்துட்டா 42-ல 29 தடவை தான், பாட் 90, சராசரி 62.14. எனக்கு சுமாரா 71 சென்ட் குறையுது. அவனும் தப்பு பண்ணி 1.43 இழந்தான், அவன் பண்ண தப்புக்கு நானும் 71 சென்ட் கட்டினேன், ரெண்டும் சேர்ந்து போனது சும்மா உக்காந்திருந்த ஃப்ளஷ்காரன் பாக்கெட்டுக்கு.

இதை மொதல்ல படிச்சப்போ நம்பல, கால்குலேட்டர் எடுத்து மூணு தடவை போட்டேன். அதுக்கு அப்புறம் தான் கராஜ்ல ஏன் எனக்கு எப்பவும் ஒரு மாதிரி அநியாயம் நடக்கற மாதிரியே இருக்குன்னு புரிஞ்சுது, எல்லாரும் மோசமா தான் ஆடறாங்க, ஆனா ஒருத்தன் மோசமா ஆடறதோட பலன் எனக்கு வராம பக்கத்து சீட்டுக்குப் போயிடுது. அதனால ஒரு ஜோடி மட்டும் வச்சுட்டு, போர்டு ஈரமா, அதாவது டிரா நிறைய இருக்கிற மாதிரி இருந்து, ரெண்டு பேர் துரத்தறாங்கன்னு தெரிஞ்சா, நோ லிமிட்ல நான் இப்பெல்லாம் கொசுறு பெட் போடறது இல்ல. ஒண்ணு முக்கால் பாட், முழு பாட்னு வலிக்கிற மாதிரி போட்டு ஒருத்தனையாவது வெளிய அனுப்பணும், இல்லேன்னா செக் பண்ணிட்டு டர்ன் என்னன்னு பாத்துட்டு முடிவு பண்ணணும். சும்மா 20 டாலர் பாட்டுக்கு 5 டாலர் போட்டு எல்லாரையும் கூட்டிட்டு போறது டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊர்வலம் போற மாதிரி. அப்புறம் நான் பெட் போட்டு, ஒருத்தன் கால் பண்ணி, இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்கும்போது மூணாவது ஒருத்தன் ரெய்ஸ் பண்ணான்னா, அது பிளஃப்பான்னு நான் யோசிக்கிறதையே நிறுத்திட்டேன். அத்தனை பேர் நடுவுல யாரும் சும்மா ரெய்ஸ் பண்றது இல்ல, அந்த ஸ்பூன் ஞாபகம் இருக்கு.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு, 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டத்துக்கு அப்புறம் இந்தியாவுல ஆன்லைன்ல காசு வச்சு ஆடற ஆட்டம் எல்லாத்துக்கும் தடை, ரம்மியும் சேர்த்து, போக்கரும் சேர்த்து, அதனால யாராவது லிங்க் அனுப்பினா அதை நம்பி காசு போட்டுடாதீங்க. தீக்குச்சி வச்சு ஆடினாலும் இந்தக் கணக்கு ஒண்ணும் மாறாது.

இவ்ளோ படிச்சு, இவ்ளோ எண்ணி, ஒரு வருஷமா கராஜ்ல நான் ஒழுங்கா ஆடிட்டு இருந்தேன். கூட்டமா இருந்தா கை இருந்தா பெட், இல்லேன்னா செக், பிளஃப்ங்கிற பேச்சே கிடையாது. அதுல இன்னொரு வினை வந்து சேர்ந்துது. நான் சிப்பைத் தொட்டாலே எல்லாரும் சீட்டைக் கவுக்க ஆரம்பிச்சுட்டாங்க. செட் வந்து ஆசையா 6 டாலர் வச்சா, அண்ணன் சீட்டை சுழட்டி டீலர் பக்கம் எறிஞ்சுட்டு, "வந்துட்டாரு வக்கீலு, இவரு சும்மா வாயத் தொறக்க மாட்டாரு"ங்கிறார். நாலு பேர் இருந்தா ஒருத்தன்கிட்டயாச்சும் இருக்கும்னு எனக்கு சொல்லிக் கொடுத்த அதே மனுஷன்.

போன சனிக்கிழமை நான் பட்டன்ல, ஏழு-ஆறு, அதுவும் வேற வேற பூ, அஞ்சு பேர் ஒரு டாலர் போட்டு உள்ள வந்தாச்சு, அண்ணன் எனக்கு முந்தின சீட். ஃப்ளாப் ராஜா, ராஜா, நாலு, மூணும் வேற வேற பூ, ஃப்ளஷ்ஷும் இல்ல ஸ்ட்ரெயிட்டும் இல்ல, ரெண்டு ராஜா போர்டுலயே இருக்கு, மிச்சம் இருக்கிறதே ரெண்டு தான். யாரும் ரெய்ஸ் பண்ணாத பாட், நாலு பேரும் செக், எனக்குப் பின்னாடி யாரும் இல்ல. மூணு டாலர் எடுத்து வச்சேன், கை ஆடாம இருக்கணும்னு சிப்பை மெதுவா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சீட்டு போய்க்கிட்டே இருந்துது. அண்ணன் மட்டும் அவர் சீட்டை ஒரு தடவை தூக்கிப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடி சீட்டைப் பாத்தார், மடிச்சார்.

"ராஜாவா?"

"ஆமாண்ணே," ன்னு சொல்லிட்டு சீட்டை டெக்குக்கு அடில சொருகிட்டேன்.